சுகமாக இருப்பவர்களின் டாக்டர்

நோயாளிகளைக் கண்டு டாக்டரம்மா பயந்து நான் பார்த்ததில்லை. காய்ச்சலில் முனகுபவர்கள், வாந்தி எடுப்பவர்கள், விபத்தில் அடிபட்டுத் தூக்கி வரப்படுபவர்கள் எல்லோரையும் தாண்டிக் குடையை ஊன்றிக்கொண்டு நிதானமாக நடந்து வருவார். வெள்ளைச் சட்டை போட்டு, தலை வாரி, சிரித்த முகத்தோடு ரத்தம் கொடுக்க வரும் வாலிபனைப் பார்த்தால்தான் அவர் முகம் மாறும்.

“சுகமா?” என்று கேட்பார்.

“சுகம் டாக்டர்.”

“எப்போலேருந்து?”

இதற்கு என்ன பதில் சொல்வது? வந்தவன் சிரிப்பான், அல்லது என்னைப் பார்ப்பான். அவர் சிரிக்கமாட்டார். தடித்த கண்ணாடிக்குள்ளிருந்து அவனுடைய கண்ணின் வெள்ளையை, ஈறை, முழங்கையை, நகத்தைப் பார்ப்பார். சின்ன வயதில் காய்ச்சல் வந்ததா, எலும்பெல்லாம் முறிகிற மாதிரி வலித்ததா, உடம்பில் தடிப்பு வந்ததா, கப்பலில் வேலைக்குப் போனதுண்டா, அதற்காக ஊசி போட்டார்களா என்று வரிசையாகக் கேட்பார். “ஒண்ணும் இல்ல டாக்டர், எனக்கு ஒரு தலைவலிகூட வந்ததில்ல” என்று எவனாவது நெஞ்சை நிமிர்த்திச் சொன்னால், அவனிடம்தான் அதிக நேரம் உட்கார்ந்திருப்பார்.

எழுபதுகளின் பிற்பாதி அது. மட்டாஞ்சேரியில் ஒரு தர்ம ஆஸ்பத்திரியின் ரத்த வங்கியில் நான் டெக்னீஷியன். என் அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து மிளகுக் கிடங்கில் கணக்கெழுத வந்தவர். நான் பிறந்தது, படித்தது எல்லாம் இங்கேதான். வீட்டில் தமிழ், வெளியே மலையாளம். டாக்டர் ஒரு பெரிய லேபின் ஆராய்ச்சிக்காகத் தமிழ்நாட்டிலிருந்து வந்திருந்தார். அவரோடு தமிழில் பேச ஆஸ்பத்திரியில் வேறு ஆள் இல்லாததால் அவருடைய வேலைக்கு என்னை ஒட்டிவிட்டார்கள். அவர் பெயர் எனக்கு நன்றாகத் தெரியும். எழுத மனம் வரவில்லை. எங்கள் தெருவில் யாரும் அவரைப் பெயர் சொல்லி அழைத்ததுமில்லை. டாக்டரம்மா, அவ்வளவுதான்.

வந்த புதிதில் ஒருத்தி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு “பனியாணு டாக்டரே” என்றபோது அவர் விழித்தார். காய்ச்சலை இங்கே பனி என்பார்கள் என்று நான் சொன்னேன். “எங்க ஊர்ல பனின்னா மார்கழி மாசத்துல கொட்டறது” என்றார். பிறகு அந்தச் சொல்லையே பிடித்துக்கொண்டார். “பனி மாதிரிதான். வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது. தரை மட்டும் ஈரமா இருக்கும்.”

அந்த ஈரத்தைத் தேடுவதுதான் அவர் வேலை. ரத்தம் கொடுக்க வரும் ஆரோக்கியமான ஆட்களிடம் கூடக் கொஞ்சம் வாங்கி, அவர்களுக்கு எப்போதாவது டெங்கு வந்து போயிருக்கிறதா என்று பார்ப்பது. டெங்கு என்ற பெயரே அப்போது எங்கள் பக்கத்தில் யார் வாயிலும் இல்லை. அது வேறு ஊர்களின் நோய் என்றுதான் பெரிய டாக்டர்களும் நினைத்திருந்தார்கள். வந்தவர்களிலும் பாதிப் பேருக்கு அது சாதாரணக் காய்ச்சலாக வந்து போயிருக்கும், அல்லது வந்ததே தெரிந்திருக்காது. ஆனால் ரத்தம் மறப்பதில்லை, அதன் அடையாளத்தை ஆயுசுக்கும் வைத்திருக்கும் என்று சொன்னார்.

அந்தச் சோதனைக்குப் பெருவாத்தின் ரத்தம் வேண்டும். தாராவு என்று இங்கே சொல்லும் சாதாரண வாத்து கேரளத்தில் எந்த வாய்க்காலிலும் நீந்தும். பெருவாத்து கிடைப்பது அபூர்வம். எங்கேயோ போய்ப் படகில் கூடையோடு கொண்டுவந்து இறக்கினார். ஆஸ்பத்திரியின் பின்பக்கம், துணி துவைக்கிற கல்லுக்கு அருகே, கம்பி வலைக்குள் அவை கழுத்தை நீட்டிச் சீறிக்கொண்டிருக்கும். நான் ஒன்றைக் கக்கத்தில் இடுக்கிப் பிடிக்க, அவர் இறக்கையை விரித்து உள்பக்க நரம்பில் ஊசி ஏற்றுவார். “மன்னிச்சுக்கோம்மா, மன்னிச்சுக்கோ” என்று வாத்திடம் சொல்லிக்கொண்டே எடுப்பார். மனிதர்களிடம் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை.

குழி குழியாக இருக்கும் ஒரு தட்டில் ஆட்களின் ரத்தத்திலிருந்து பிரித்த தெளிந்த நீரை ஊற்றி, பெரிய லேபிலிருந்து ஐஸில் வரும் மருந்தைச் சேர்த்து, கடைசியில் வாத்து ரத்தத்தை விடுவார். கொஞ்ச நேரம் காத்திருக்க வேண்டும். நோயைக் காணாத ரத்தம் என்றால் குழி முழுக்க மெல்லிய சிவப்பு ஏடு படரும். கண்ட ரத்தம் என்றால் எல்லாம் சரிந்து அடியில் ஒரு குங்குமப் பொட்டு மாதிரி நிற்கும்.

ஒரு பிற்பகல் என்னைக் கூப்பிட்டுத் தட்டை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிக் காட்டினார். வரிசையாகப் பொட்டுகள்.

“இது யாருடையது தெரியுதா?”

“தெரியலை டாக்டர்.”

“உங்க தெரு. கிடங்குல மூட்டை தூக்கறவங்க, அவங்க தம்பிங்க, பக்கத்துத் தையல்காரன்.”

“அவங்க எல்லாரும் நல்ல திடமான ஆளுங்க. ஒருத்தரும் படுத்து நான் பார்த்ததில்ல.”

“அதைத்தான் நானும் பாக்கறேன்” என்றார். தட்டைக் கீழே வைக்காமலே நின்றார். “கப்பல்ல போய் மஞ்சள் காய்ச்சல் ஊசி போட்டவங்களுக்கும் இப்படி நிக்கும். அவங்களை முதல்லயே ஒதுக்கிட்டேன். பெரியவங்களுக்கும் இருக்கு, இளவட்டத்துக்கும் இருக்கு. இது வெளியூர்லேருந்து வரப்போறதில்ல. வந்து குடித்தனம் நடத்திட்டிருக்கு.”

“இருந்துட்டுப் போகட்டுமே டாக்டர். யாருக்கும் ஒண்ணும் ஆகலையே.”

அப்போதுதான் அதைச் சொன்னார். இதில் நாலு வகை உண்டு. முதலில் ஒரு வகை வந்து போய்விடும். பல வருஷம் கழித்து இன்னொரு வகை வந்தால், சிலருக்கு, குறிப்பாகக் குழந்தைகளுக்கு, பழைய அடையாளமே எதிரியாகிவிடும். நோயைத் தடுக்க வேண்டியது நோய்க்குக் கதவு திறந்துவிடும். ரத்தக் குழாய்கள் ஒழுகும்.

“யாருக்கு அப்படி ஆகும்?”

“தெரியாது. ரொம்பப் பேருக்கு ஆகாது. யாருக்கு ஆகும்னு தெரியாது.”

என் ரத்தத்தையும் பார்த்தார். எனக்கும் பொட்டுதான். அன்று வீட்டுக்குப் போய் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது நேற்று இருந்த கைதான். ஆனாலும் சோறு இறங்கவில்லை. மனைவியிடம் வயிறு சரியில்லை என்று சொல்லிவிட்டேன்.

அவரோடு தெருவில் நடப்பது ஒரு சங்கடம். எங்கள் பக்கத்தில் குழாயில் தண்ணீர் வருவதே அபூர்வம். வந்த தண்ணீரைப் பெண்கள் டிரம்மிலும் செம்பிலும் அண்டாவிலும் பிடித்துப் பொன்னாகக் காப்பார்கள். டாக்டரம்மா யார் வீட்டு வாசலானாலும் டிரம்மின் மூடியைத் தூக்கி உள்ளே எட்டிப் பார்ப்பார். கொசுப் புழு நெளிந்தால் “இதைக் கொட்டிடுங்க” என்பார். தண்ணீரைக் கொட்டு என்பவளை யார் சும்மா விடுவார்கள்? அவர் குடை தூரத்தில் தெரிந்ததுமே கதவுகள் சாத்திக்கொள்ளும். கல்யாண வீடுகளுக்கு அவரை அழைக்கவே பயந்தார்கள். ஒரு நிக்காஹ் விருந்தில் எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருக்க, அவர் மட்டும் பந்தியின் ஓரத்தில் நின்று ஓடி விளையாடும் பிள்ளைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வையைக் கண்ட ஒரு கிழவி தன் பேரனை இழுத்து முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள்.

எங்கள் வரிசையிலேயே இத்தாவின் வீடு. தென்காசிப் பக்கத்திலிருந்து வந்த ராவுத்தர் குடும்பம். அவருக்குப் பெயர் இருந்தாலும் தெருவுக்கே அவர் இத்தா, மூத்த அக்கா. கணவர் இறந்த பிறகு இஞ்சிக் கிடங்கில் தரம் பிரிக்கும் வேலைக்குப் போய் மகன் நாசரையும் சின்னவள் ஜமீலாவையும் வளர்த்தார். நாசர் ரத்தம் கொடுப்பதில் முதல் ஆள். எந்த நேரம் ஆளனுப்பினாலும் வருவான். வளைகுடாவுக்குப் போக விசா வந்திருந்தது. போவதற்கு முன்பு நிச்சயதார்த்தமும் முடிந்திருந்தது.

அவன் ஒருநாள் டாக்டரம்மாவிடம் நேராகக் கேட்டான்.

“என் ரத்தம் எப்படி இருக்கு டாக்டரே? எல்லாரோடதையும் பாக்கிறீங்க, ஒருத்தர்கிட்டயும் சொல்லமாட்டேங்கறீங்க.”

கேட்ட ஆளிடம் பொய் சொல்ல அவருக்கு வரவில்லை. ஒரு காய்ச்சல் வந்து போன அடையாளம் இருக்கிறது, பயப்பட ஒன்றுமில்லை, ஆனால் இனிக் கடுமையான காய்ச்சல் வந்தால் அலட்சியமாக இருக்காதே என்று விவரமாகவே சொன்னார். நாசர் சாயாக்கடையில் உட்கார்ந்து அதை வேடிக்கையாகச் சொன்னான். சாயாக்கடையிலிருந்து அது பெண் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது, பையனின் ரத்தத்தில் ஏதோ கிருமி இருக்கிறது, ஆஸ்பத்திரியில் கண்டுபிடித்துவிட்டார்கள் என்று ஆகியிருந்தது. நிச்சயம் முறிந்தது.

இத்தா ரத்த வங்கிக்கு வந்தார். வேலை உடுப்போடு, கையில் இஞ்சி மண்ணோடு வந்து மேசை முன் நின்றார். குரல் உயரவில்லை.

“என் மகன் சீக்காளியா?”

“இல்லம்மா. அவன் நல்லா இருக்கான்.”

“நல்லா இருக்கிறவன்கிட்ட எதுக்கு அப்படிச் சொன்னீங்க?”

 டாக்டரம்மா, பெண் வீட்டுக்கு வந்து விளக்குகிறேன் என்றார். “நீங்க எங்கேயும் வர வேண்டாம். எங்க தெருப்பக்கமே வரண்டா” என்று சொல்லிவிட்டு இத்தா போய்விட்டார். நாசர் கல்யாணமாகாமலே விமானம் ஏறினான். அதன் பிறகு ரத்தம் கொடுக்க வரும் யாரிடமும் டாக்டரம்மா எதுவும் சொல்வதில்லை. கேட்டால் “சுகமா இருக்கீங்க” என்பார். அந்தச் சொல்லைச் சொல்லும்போது அவர் எதிரே இருப்பவரின் முகத்தைப் பார்க்கமாட்டார்.

தெருவில் வேறு பேச்சும் எழுந்தது. எடுக்கிற ரத்தம் கப்பலில் வெளிநாட்டுக்குப் போகிறதாம். வாத்துக்கு மனித ரத்தம் கொடுக்கிறார்களாம். அந்தத் தெருப் பிள்ளைகளின் ரத்தத்தையும் பார்க்க வேண்டும் என்று டாக்டரம்மா ஆஸ்பத்திரியின் பெரிய டாக்டரிடம் அனுமதி கேட்டபோது அந்தப் பெரியவர் கையெடுத்துக் கும்பிட்டார். “இனிக் குட்டிகள்டெ ரத்தம் கூடி வேணோ? ஆஸ்பத்திரிக்குத் தீ வெக்கும் ஆளுகள்” என்றார். சனங்கள் ஆஸ்பத்திரியையே கொளுத்திவிடுவார்கள் என்று அவருக்குப் பயம். பிள்ளைகளின் ரத்தம் கிடைக்கவில்லை. ஆகவே அவர்களில் யார் ஒரு முறை நோய் கண்டவர்கள் என்று அவருக்குத் தெரியவில்லை. தெரியாததால் எல்லோரையும் அப்படியே பார்த்தார்.

அந்த மழைக்காலத்தில் இடையில் சில நாள் வெயில் அடித்தது. எங்கள் தெருவில் பிள்ளைகளுக்குக் காய்ச்சல் பரவியது. மழையில் நனைந்தது, புதுத் தண்ணீர் குடித்தது என்று ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். ஜமீலாவுக்கும் வந்தது. அவளுக்கு அப்போது பள்ளிக்கூடம் போகிற வயது. கண்ணுக்குப் பின்னால் வலிக்கிறது என்று அழுதாளாம். பக்கத்து கிளினிக்கில் மருந்து கொடுத்தார்கள். ஒரு காலை நான் வேலைக்குக் கிளம்பும்போது இத்தா வாசலில் நின்று, முகம் மலர, “தம்பி, பனி விட்டுச்சு. பிஸ்கட் கேக்கிறா” என்றார்.

டாக்டரம்மா சந்தோஷப்படுவார் என்று நினைத்துத்தான் நான் போய்ச் சொன்னேன். அவர் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார்.

“எப்போ விட்டுச்சு?”

“இன்னைக்குக் காலையில போல. எழுந்து உட்கார்ந்திருக்காளாம்.”

“வாந்தி இருக்கா? வயிறு வலிக்குதுன்னாளா? அசந்து அசந்து படுக்கறாளா?”

எனக்கு எதுவும் தெரியாது. அவர் குடையை எடுக்கவும் மறந்து நடந்தார். நான் பின்னால் ஓடினேன். சின்ன வயதிலிருந்து நான் கற்றது ஒன்றுதான்: காய்ச்சல் இறங்கினால் ஆபத்து நீங்கியது. இந்த நோயில் அப்படி இல்லை என்று நடந்துகொண்டே மூச்சிரைக்கச் சொன்னார். காய்ச்சல் இருக்கும்வரை பயமில்லை. அது இறங்குகிற நாளில்தான் குழாய்கள் ஒழுகும். பிள்ளை தெளிவாகப் பேசும், சிரிக்கும், திடீரென்று நாடி கிடைக்காது.

இத்தா கதவை மறித்துக்கொண்டு நின்றார்.

“நான் வரண்டான்னு சொன்னேனே.”

“ஒரு தடவை பிள்ளையைப் பாத்துட்டுப் போயிடறேன்.”

“பிள்ளைக்கு ஒண்ணுமில்ல. பனி விட்டாச்சு. மூத்தவனோட வாழ்க்கையைக் கெடுத்தது போதும். இவ பொட்டைப்பிள்ளை. இவளையும் ஊர் முன்னாடி சீக்காளியாக்கணுமா?”

நான் கெஞ்சினேன். “இத்தா, நான் கூட இருக்கேன்ல. ஒரு நிமிஷம்.” அக்கம்பக்கத்துப் பெண்கள் வந்து கூடினார்கள். யாரோ “ரத்தம் எடுக்க வந்திருக்கா” என்றார்கள். உள்ளே பாயில் ஜமீலா கால் நீட்டி உட்கார்ந்திருந்தது எனக்குத் தெரிந்தது. எங்களைப் பார்த்துச் சிரித்தாள்.

டாக்டரம்மா சண்டை போடவில்லை. வாசல் படியில் உட்கார்ந்துவிட்டார்.

“நான் உள்ள வரல. தொடக்கூட இல்ல. நீங்களே பாருங்க. அவ காலைத் தொடுங்க, உள்ளங்கையைத் தொடுங்க. சில்லுன்னு ஆச்சுன்னா என்னைக் கூப்பிடுங்க. இங்கதான் இருக்கேன்.”

கதவு சாத்தப்பட்டது. ஈர வெயில். கிடங்குகளிலிருந்து மிளகின் காரம் காற்றில் வந்து தும்மல் வந்தது. கூட்டம் கொஞ்சம் கொஞ்சமாகக் கலைந்தது. போனவர்கள் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். ஆஸ்பத்திரியில் இருக்கும் டாக்டரம்மா மீன்காரியைப் போலப் படியில் உட்கார்ந்திருப்பதைப் பார்க்க எனக்குக் கூச்சமாக இருந்தது. திரும்பிப் போகலாம் என்றேன்.

அவர் என்னைப் பார்க்காமலே பேசினார். முன்பு ஒரு பெரிய ஊரில் குழந்தைகள் வார்டில் வேலை பார்த்ததாகச் சொன்னார். “ஒரு பையன். காய்ச்சல் விட்டுடுச்சு. கட்டில்லேருந்து குதிச்சு விளையாடறான். படுக்கைக்கு வேற குழந்தைங்க காத்திட்டிருந்தாங்க. நல்லா இருக்கான், கூட்டிட்டுப் போங்கன்னு நான்தான் கையெழுத்துப் போட்டேன். அவங்க அம்மா என் கையைப் பிடிச்சுக் கண்ணுல ஒத்திக்கிட்டா.” சாத்திய கதவைத் திரும்பிப் பார்த்தார். “சாயங்காலம் அதே துணியோட திரும்பக் கொண்டுவந்தா.”

நானும் படியில் உட்கார்ந்தேன். போகலாம் என்று மறுபடி சொல்லவில்லை.

உள்ளே பாத்திரச் சத்தம் கேட்டது. ஜமீலா ஏதோ கேட்டாள், இத்தா பதில் சொன்னார். பிறகு வெகுநேரம் சத்தமே இல்லை. கதவு திறந்தபோது இத்தாவின் முகத்தில் கோபம் இல்லை. அங்கே எதுவுமே இல்லை.

“டாக்டரே,” என்றார். “காலு தணுத்திருக்கு.”

டாக்டரம்மா ஒரே எட்டில் உள்ளே போனார். ஜமீலாவின் உதடு சாம்பலாக இருந்தது. விழித்திருந்தாள், எங்களைத் தெரிந்தது, ஆனால் பேசுவதற்குச் சோம்பல் படுகிறவள் போலிருந்தாள். டாக்டரம்மா அவள் மணிக்கட்டில் விரல் வைத்துத் தேடினார். இடம் மாற்றித் தேடினார். “தூக்குங்க” என்றார்.

நான் தூக்கினேன். அந்த எடை இன்னும் என் தோளில் இருக்கிறது. தெரு முனையில் லாரி நின்று வழியை அடைத்திருந்தது. மூட்டை தூக்கிக்கொண்டிருந்தவர்கள் என்னைப் பார்த்ததும் மூட்டைகளைக் கீழே போட்டுவிட்டு, லாரிக்குப் பின்னால் நின்ற ஒரு ஆட்டோவைக் கையாலேயே தள்ளித் திருப்பிக் கொடுத்தார்கள். ஆஸ்பத்திரியில் கையில் நரம்பு கிடைக்கவில்லை. கணுக்காலில் கீறித்தான் குழாயைச் செருகினார். பாட்டிலுக்குப் பின் பாட்டிலாக உப்பு நீர் இறங்கியது. அவர் கட்டிலோரம் நின்றுகொண்டே நாடியைப் பிடித்திருந்தார். இத்தா தரையில் உட்கார்ந்து வாய்க்குள் துஆ ஓதிக்கொண்டிருந்தார். சாயங்காலத் தொழுகைக்கு அழைப்பு கேட்ட நேரத்தில் ஜமீலா தாகம் என்றாள்.

பிழைத்துவிட்டாள்.

ஆனால் அதே நாட்களில், எங்களுக்குப் பின்தெருவில் ஒரு பையன். காய்ச்சல் விட்டதும் கோலி விளையாடப் போனானாம். விளையாடிக்கொண்டிருந்த இடத்திலேயே சுருண்டான். எங்களுக்குத் தகவல் வந்தபோது மையித்தை அடக்கத்துக்கு எடுத்துவிட்டிருந்தார்கள். டைபாய்டு என்று சொல்லிக்கொண்டார்கள். டாக்டரம்மா அந்த வீட்டுக்கு முன்னால் போய் நின்றார். உள்ளே போகவில்லை. யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. அவனுடைய தங்கை வாசலில் விளையாடிக்கொண்டிருந்தாள், நல்ல சுகமாக. அவளைப் பார்த்துக்கொண்டே நின்றுவிட்டுத் திரும்பினார்.

ஜமீலாவின் ரத்தத்தை நோயின்போது ஒரு முறையும் தேறிய பிறகு ஒரு முறையும் எடுத்துச் சோதித்தார். டெங்குதான் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. மேலிடத்துக்கு அதைத் தெரிவித்தபோது, இதே குடும்பத்து வேறு வைரஸ்களும் இப்படிக் காட்டும், ஒரு குழந்தையை வைத்து முடிவு சொல்ல முடியாது, ஊரைக் கலவரப்படுத்த வேண்டாம் என்று பதில் வந்தது. அவர்கள் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது என்று அவரே என்னிடம் ஒப்புக்கொண்டார். பிறகு ஐஸில் வரும் மருந்து வருவது நின்றது. சில மாதங்களில் அவரையும் திருப்பி அழைத்துக்கொண்டார்கள். அவர் கிளம்பிய அன்று இத்தா ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்து ஒரு பொட்டலம் சுக்கைக் கொடுத்தார்.  நன்றி என்ற சொல்லோ மன்னிப்பு என்ற சொல்லோ என் காதில் விழவில்லை.

எண்பதுகளின் கடைசியில் எர்ணாகுளம் பிராட்வேயில் அவரை மறுபடி பார்த்தேன். பாத்திரக்கடை வாசலில் நின்று ஒரு குக்கர் மூடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். முடி முழுக்க வெளுத்திருந்தது. ஓய்வு பெற்றுத் தங்கை மகள் வீட்டில் இருப்பதாகச் சொன்னார். என்னை அடையாளம் கண்டதும் முகத்தில் நிஜமான சந்தோஷம் தெரிந்தது. அதை நான் அடிக்கடி பார்த்ததில்லை. நல்ல செய்தி சொல்ல வேண்டும் என்று எனக்கு ஆசை.

“ஜமீலாவை ஞாபகம் இருக்கா டாக்டர்? கல்யாணம் ஆயிடுச்சு. நாசர்தான் வந்து ஜாம்ஜாம்னு நடத்தினான். ஆண் குழந்தை பிறந்திருக்கு. கொழுகொழுன்னு இருக்கான்.”

குக்கர் மூடி அவர் கையில் அப்படியே நின்றது.

“எங்க கட்டிக் கொடுத்திருக்காங்க?”

“இங்கேதான், மட்டாஞ்சேரியிலயே. பிரசவத்துக்கு வந்தவ இன்னும் இத்தா வீட்லதான் இருக்கா.”

“குழந்தைக்கு எத்தனை மாசம்?”

“ஆறு முடிஞ்சுதுன்னு நினைக்கிறேன்.”

மூடியைக் கடைக்காரரிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு, “போட் எப்போ இருக்கு?” என்றார்.

படகில் என் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னார். தாய்க்கு இருக்கும் அடையாளம் வயிற்றிலேயே பிள்ளைக்கும் போய்விடும். முதல் மாதங்களில் அது காக்கும். அது தேய்ந்து தேய்ந்து காக்க முடியாத அளவுக்குக் குறையும்போது, அந்தப் பிள்ளைக்கு முதல் முறை நோய் வந்தாலே இரண்டாம் முறை வந்தது போலாகலாம். “எல்லாக் குழந்தைக்கும் இல்ல” என்றார். அதைச் சொல்லியே ஆக வேண்டும் என்பதுபோல இரண்டு தடவை சொன்னார். காயலுக்கு மேலே மேகம் கறுத்துக்கொண்டிருந்தது. மழைக்காலம் தொடங்க வேண்டிய நேரம்.

இத்தா கதவைத் திறந்தார். கிழவியாகிவிட்டிருந்தார். டாக்டரம்மாவைப் பார்த்ததும் உள்ளே போய்க் குழந்தையைக் கொண்டுவந்து அவர் மடியில் வைத்தார். அவன் அவருடைய கண்ணாடியைப் பிடித்து இழுத்தான். ஜமீலா சிரித்தாள், நான் சிரித்தேன், இத்தாகூடச் சிரித்தார். டாக்டரம்மா அவனுடைய கழுத்து மடிப்பை, வயிற்றை, தொடையை மெதுவாகத் தடவிப் பார்த்தார். மடியில் அவ்வளவு ஆரோக்கியம் குதித்துக்கொண்டிருந்தது. 

“டாக்டரே, இவனுக்கு ஒண்ணும் இல்லல்ல?” என்று ஜமீலா கேட்டாள்.

அவர் அவளை ஏறிட்டுப் பார்த்தார். “இல்லம்மா. ரொம்ப நல்லா இருக்கான்.” பிறகு, காய்ச்சல் வந்தால் எந்த மருந்துக்கும் காத்திருக்க வேண்டாம், காய்ச்சல் விட்டாலும் காத்திருக்க வேண்டாம், நேரே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோ, குழந்தைக்குப் பகலிலும் கொசுவலை கட்டு என்றார். ஜமீலா தலையாட்டினாள். இத்தா மட்டும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

படகுத்துறையில் அவர் என் கையைப் பிடித்தார். அதுவரை அவர் என்னைத் தொட்டதில்லை.

“எனக்கு வயசாயிடுச்சு. தினம் இவ்வளவு தூரம் வர முடியாது. நீங்க பக்கத்துலதானே இருக்கீங்க? மழை முடியற வரைக்கும் தினம் ஒரு தடவை போய்ப் பாருங்க. காரணம் சொல்ல வேண்டாம். சும்மா வந்தேன்னு சொல்லுங்க.”

அதற்குப் பிறகு நான் அவரைப் பார்க்கவில்லை.

அந்த வருஷம் மழை பலமாகப் பெய்தது. தெருவில் காய்ச்சலும் வந்தது. நான் தினமும் வேலைக்குப் போகும் வழியில் இத்தா வீட்டுக் கதவைத் தட்டுவேன். “சும்மா வந்தேன்” என்பேன். இத்தா எதற்கென்று கேட்டதேயில்லை. குழந்தையைத் தூக்கி வந்து வெளிச்சத்தில் காட்டுவார். பல் முளைத்திருந்தது. தவழத் தொடங்கியிருந்தான். காய்ச்சல் அடுத்த வீடுவரை வந்து அந்த வீட்டைத் தாண்டிப் போனது. ஒவ்வொரு நாளும் குழந்தை நன்றாகத்தான் இருந்தான். அதனாலேயே மறுநாளும் போனேன்.